பண்ணுக்கு ஒரு பதிகம்: வில்லியனூர், பாகூர் சூழ்ந்த நாட்டின் இசைச் சான்றுகள்

பண் இன்னதென்று கேட்பவருக்கு விடை சொல்லும் வழிகள் இரண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளின் நிலையைக் கூறி, இவை இவ்வாறு நின்றால் இன்ன பண் என்று இலக்கணம் சொல்வது ஒன்று. ஒரு பாட்டைப் பாடிக் காட்டுவது மற்றொன்று. முன்னது அறிவுக்கு விளங்கும். பின்னது செவியில் தங்கும். ஆகவே தமிழிசையின் வரலாற்றை ஆராய்ந்தோர் அனைவரும் ஏதேனும் ஒரு நிலையில், 'இந்தப் பண்ணுக்கு எந்தப் பாட்டைச் சான்று காட்டுவது?' என்னும் வினாவின் முன் வந்து நின்றுள்ளனர். எளிய வினாப் போலத் தோன்றும் இது, நுழைந்தபின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் திறந்துவிடுகிறது.

அவ்வினாவுக்கு விடை தேடப் புதுவையின் ஊர்ப்புறம் மிகவும் ஏற்ற இடமாகும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்கும் பாகூர் மூலநாதர் கோயிலுக்கும் மூவர் பாடிய தனிப் பதிகங்கள் இல்லை. ஆயினும் இவ்விரண்டு ஊர்களையும் நடுவாகக் கொண்டு, வடக்கே சங்கராபரணி ஆற்றங்கரையிலிருந்து தெற்கே கெடிலக்கரை கடந்து ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் பாடல்பெற்ற தலங்கள் நெருங்கி நிற்கக் காணலாம். அவற்றுள் ஒன்று புதுவை மாநிலத்துள்ளும், பல விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் உள்ளன. பிரெஞ்சு ஆட்சியும் ஆங்கில ஆட்சியும் வகுத்த எல்லைகள் இந்நாட்டு வயல்களினூடே வளைந்தும் நெளிந்தும் செல்கின்றன. பதிகம் பாடியவர்கள் நடந்த காலத்தில் அவ்வெல்லைகள் இல்லை.

ஏட்டின் தலையில் எழுதிய பெயர்

பாட்டின் தலைப்பில் பண்ணின் பெயரைக் குறித்து வைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. பரிபாடல் அதற்குத் தலைசிறந்த சான்று. 1918ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் அச்சில் கொணர்ந்த அந்நூலில், பாட்டை இயற்றிய புலவர் பெயர் ஒன்று, அதற்கு இசை வகுத்தவர் பெயர் ஒன்று, பண்ணின் பெயர் ஒன்று என்று மூன்று குறிப்புகள் பல பாடல்களோடு வருகின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் மூன்று பண்களின் கீழ் அப்பாடல்கள் தொடர்ச்சியாக அடுக்கப்பட்டுள்ளன. புலவரையும் இசையாளரையும் தனித்தனியே பெயர் சொல்லிப் போற்றிய அந்த நேர்மை, இன்றும் எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் நோதிறம் எவ்வாறு ஒலித்தது என்பதை அவ்வேடு சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. பெயரைக் காத்துத் தந்தது ஏடு. ஒலியைக் காக்கும் பொறுப்பு பாடுவோர் தொண்டைக்கு உரியது. அந்தத் தொண்டை ஓய்ந்த நாளிலேயே ஒலியும் ஓய்ந்தது.

தேவாரத்தின் நிலை இதனினும் மேலானது. திருஞானசம்பந்தர் பாடிய முதல் மூன்று திருமுறைகளும் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறையும் பண்முறையிலேயே அடைவு செய்யப்பட்டவை. நாவுக்கரசரின் நான்காம் திருமுறையில் முற்பகுதி பண்முறையில் நிற்க, அதன்பின் திருநேரிசையும் திருவிருத்தமும் தொடர்கின்றன. யாழ்மூரியை நீக்கி எண்ணினால் தேவாரத்தில் 23 பண்கள் உள. இவற்றுக்குப் பெயரும் உண்டு, பாட்டும் உண்டு, இடையறாது பாடிவந்த ஓதுவார் மரபும் உண்டு. ஆதலின் பண்ணுக்குப் பாட்டுத் தேடுவோர் தேவாரத்தையே முதலில் நாடுவர்.

பண்முறை வைப்பைப் போற்றிய சிறந்த பதிப்பொன்று புதுவையிலிருந்தே வெளிவந்தது என்பது இந்நாட்டார் பெருமைகொள்ளத் தக்க செய்தி. பண்டித வித்துவான் தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக 1984, 1985ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும், ஆராய்ச்சித் துணையாகிய மூன்றாம் தொகுதி 1991இலும் வெளியாயிற்று. பிரான்சுவா குரோ அதற்கு முன்னுரை வழங்கினார். பின்னர் 2007ஆம் ஆண்டு, கணிப்பொறியில் தேடிப் படிக்கத்தக்க மின்பதிப்பும் புதுவையிலேயே உருவாயிற்று. இன்று எந்தப் பண்ணில் எத்தனை பதிகம் என்று அறிய நொடிப்பொழுது போதும்.

இந்நாட்டுப் பதிகங்கள்

அந்த வசதியைக் கொண்டு நம் வட்டத்துக்குள் உள்ள பதிகங்களைப் பண்வாரியாக அடுக்கிப் பார்ப்போம். வில்லியனூருக்கு மேற்கே, புதுவை மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் திருவாண்டார்கோயில்தான் பழைய திருவடுகூர். அதற்குச் சம்பந்தர் அருளிய முதல் திருமுறைப் பதிகம் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. வடக்கே இரும்பை மாகாளத்துப் பதிகம் செவ்வழி. அதனையடுத்த ஒழிந்தியாம்பட்டு என்னும் திருவரசிலிக்குரியது பியந்தைக்காந்தாரம். சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரைக்குப் பஞ்சமம். விக்கிரவாண்டியை ஒட்டிய பனையபுரம் ஆகிய புறவார் பனங்காட்டூருக்குச் சீகாமரம். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரிலும் அதே பண்ணைக் கேட்கலாம்.

பாகூரைக் கடந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர்; சம்பந்தர் அங்கே பாடியதும் செவ்வழியே. திருமாணிகுழிக்குச் சாதாரி. திருவதிகையில் சம்பந்தர் பாடியது தக்கராகம். நாவுக்கரசர் பாடியவற்றுள் கொல்லியும் காந்தாரமும் உள. சுந்தரர் பாடியது கொல்லிக்கௌவாணம். சுந்தரர் பிறந்த திருநாவலூருக்கு நட்டராகம். அவரைத் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூருக்கு இந்தளம். தீர்த்தனகிரி என வழங்கும் திருத்தினைநகருக்குத் தக்கேசி.

எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பண்கள். தமிழகம் முழுதும் பரந்த தேவாரப் பண்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு, இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவுக்குள் சான்றுப் பாடல் கிடைத்துவிடுகிறது. பண்ணாராய்ச்சிக்கென யாரோ திட்டமிட்டு நட்டுவைத்த தோட்டம் போல இந்நாடு காட்சியளிக்கிறது.

அதிகையில் எழும் சிக்கல்

ஏட்டைப் பார்த்துப் பெயரை எண்ணும்வரை எல்லாம் எளிது. பாட்டைக் கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஓதுவார் வழக்கில் ஒவ்வொரு பண்ணுக்கும் நேரான இராகம் ஒன்று கொள்ளப்படுகிறது. பாடசாலைக்குப் பாடசாலை சிறு வேறுபாடுகள் இருப்பினும் பெரும்பான்மை இவ்வாறு அமையும்: நட்டபாடை நாட்டையிலும், குறிஞ்சி அரிகாம்போதியிலும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியிலும், செவ்வழி யதுகுலகாம்போதியிலும், கௌசிகம் பைரவியிலும், பஞ்சமம் ஆகிரியிலும், பழம்பஞ்சுரம் சங்கராபரணத்திலும் பாடப்பெறும். இவை ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடுவன. வடுகூர்ப் பதிகத்தையும் திருவக்கரைப் பதிகத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவர்க்கும், இசை பயிலாதவர்க்கும்கூட, வேறுபாடு விளங்கும்.

ஆனால் தக்கராகமும் தக்கேசியும் காம்போதி ஆகிவிட்டன. இந்தளமும் சீகாமரமும் நாதநாமக்கிரியை ஆயின. நட்டராகத்துக்கும் சாதாரிக்கும் பந்துவராளி ஒன்றே வழங்குகிறது. காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் ஆகிய நான்கும் நவரோசு என்னும் ஒரே இராகத்துள் அடங்கிவிட்டன.

இதன் பொருளைத் திருவதிகையில் நின்று உணர வேண்டும். நாவுக்கரசர் சூலைநோயால் துடித்து, தமக்கையார் திலகவதியாரிடம் வந்து, வீரட்டானத்து இறைவன்முன் பாடிய முதற்பதிகம் கொல்லிப் பண். அவர்மீது மதயானை ஏவப்பட்டபோது, அஞ்சாது நின்று கெடிலக்கரை இறைவனை நினைந்து பாடியதாகப் பெரிய புராணம் கூறும் பதிகம் காந்தாரப் பண். அவருக்குப் பின் வந்த சுந்தரர் அதே அதிகைக்குப் பாடியது கொல்லிக்கௌவாணம். வலியின் கதறல் ஒன்று. அச்சமின்மையின் முழக்கம் மற்றொன்று. திருவடி பெற்றும் உணராமற் போனேனே என்னும் இரக்கம் மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று பண்ணைப் பழையோர் வகுத்தனர். இன்று மூன்றும் நவரோசில் ஒலிக்கின்றன.

நவரோசு இனிய இராகமே. மந்தரப் பஞ்சமத்திலிருந்து மத்திமப் பஞ்சமம் வரை இயங்கி, மேல் சட்சத்தைத் தொடாமலே நிறைவு காணும் அடக்கம் அதற்குண்டு. பாரசீகப் புத்தாண்டின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த இராகத்துள் நான்கு தமிழ்ப் பண்கள் குடியிருப்பதில் இழிவேதும் இல்லை. கேள்வி வேறு. நான்கு வீட்டார் ஒரு வீட்டில் குடியேறினால், மற்ற மூன்று வீடுகளும் என்னாயின என்பதே கேள்வி. பண்களின் பெயர்கள் வேறு வேறாக இருந்ததற்கு ஒலி வேறு வேறாக இருந்ததே காரணமாதல் வேண்டும். அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி, பாடுவோர் வரிசை அறுந்த காலங்களில் கரைந்துபோயிற்று என்று கொள்வதே பொருந்தும்.

பண் கேட்ட கதை

இவ்வாறு வரிசை அறுந்தது முதன்முறையும் அன்று. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் அத்தகைய அறுதியொன்றைக் கதையாகச் சொல்கிறது. சோழ மன்னன் வேண்ட, நம்பியாண்டார் நம்பி தில்லைக் கோயிலில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளைத் திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்தது. எஞ்சியவற்றைத் தொகுத்தனர். பாட்டு கிடைத்துவிட்டது, அதைப் பாடும் முறை கிடைக்கவில்லை. அப்போது அவர்கள் சென்ற இடம் அரசவையும் அன்று, கல்விச்சாலையும் அன்று. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் சென்றனர். பண்களையும் கட்டளைகளையும் வகுத்துத் தந்தவள் அவளே என்பது புராணம்.

எருக்கத்தம்புலியூர் இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்குகிறது. விருத்தாசலத்தை அடுத்து, இதே நடுநாட்டில் உள்ளது. அவ்வூரிற் பிறந்த யாழ்ப்பாணர் சம்பந்தருடன் தலந்தோறும் சென்று, பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். அவர் யாழில் அடங்காத பதிகமொன்று உண்டு. காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் சம்பந்தர் அதைப் பாட, வாசிக்க மாட்டாமல் யாழையே முறிக்க ஓங்கிய பாணரைச் சம்பந்தர் தடுத்தார் என்பர். அப்பதிகத்துக்கு யாழ்மூரி என்பதே பண்ணின் பெயராயிற்று. ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுவர். கருவி தோற்ற இடத்திலும் குரல் நின்றது என்பது அக்கதையின் உட்பொருள். புதுவை மாநிலத்தின் பகுதியாகிய காரைக்கால், இவ்வகையில் பண் வரலாற்றின் மற்றொரு நினைவிடமாகிறது.

பண் வகுத்துத் தந்த அப்பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. மன்னன் பெயர் உண்டு. தொகுத்தவர் பெயர் உண்டு. பாட்டைப் பாட்டாக்கித் தந்தவள் 'மரபில் வந்தவள்' என்ற அளவில் நிற்கிறாள். பரிபாடல் தொகுத்தோர் காட்டிய நேர்மை இங்கே தவறிவிட்டது.

கல்வியும் பாட்டும்

பாகூரில் பல்லவர் காலத்தே பெரிய கல்விநிலையம் ஒன்று இருந்தது. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுப் பாகூர்ச் செப்பேடு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைபுனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் அந்த வித்தியாத்தானத்துக்கு அளிக்கப்பட்டதைக் கூறும். பதினான்கு பிரிவுகளையுடையதாக அக்கல்விநிலையம் சிறப்பிக்கப்படுகிறது. வடநூல் மரபில் வித்தைகள் பதினான்கு என்று எண்ணும்போது வேதங்களும் அங்கங்களும் மீமாஞ்சை, நியாயம், புராணம், தருமநூல் ஆகியவையும் இடம்பெறும். காந்தருவம் எனப்படும் இசைநூல் பதினெட்டு என்று விரித்து எண்ணும்போதே சேரும். இசைக்குரிய இடம் அந்நாளைய உயர்கல்வியின் நடுவில் இல்லை என்பதை இவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

பண் வாழ்ந்த இடம் கோயில் திருமுன். திருவல்லத்தில் உள்ள மூன்றாம் நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவாரை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என இருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கச் செய்தான். அவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்னும் ஏற்பாடும் அக்கல்வெட்டில் உண்டு. பாட்டு நிலைக்க வேண்டுமானால் பாடுபவர் நிலைக்க வேண்டும், அவர் நிலைக்க நெல் வேண்டும் என்பதை அம்மன்னன் நன்கு அறிந்திருந்தான். ஐம்பது பேருடைய உணவில் பண்களின் உயிர் அடங்கியிருந்தது. நிலங்கள் கைமாறி, மானியங்கள் சுருங்கிய பிற்காலங்களில் முதலில் மெலிந்தது நெல்; அதன்பின் மெலிந்தது பண்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விழப்பை ஈடுசெய்ய அறிஞர்கள் முயன்றனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும், ஈழத்து விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றி, 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. அக்கூட்டங்களின் சிறப்பு, நூலறிந்தாரையும் ஓதுவாரையும் ஓரவையில் அமர்த்தியமை. இலக்கணம் ஒன்று சொல்லவும் குரல் வேறொன்று பாடவும், எதனை ஏற்பது என்னும் வழக்கு அங்கே நடந்தது. பண்டு எருக்கத்தம்புலியூருக்கு நடந்துசென்ற பயணத்தின் மறுபதிப்பென்றே அதனைக் கொள்ளலாம்.

புதுவைக் கவிஞர்க்கு இதில் உள்ள பங்கு

இவையெல்லாம் பழங்கதை என்று கவிஞர்கள் ஒதுங்கிவிட இயலாது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் தம் பாடல்கள் பலவற்றின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்தே எழுதினார். 1917இல் நூலாக வெளிவந்த கண்ணன் பாட்டில் 'கண்ணம்மா - என் குழந்தை' என்னும் பாடலுக்கு அவர் எழுதிவைத்தது பைரவி. இன்று நாடெங்கும் அப்பாடல் ஒலிப்பது இராகமாலிகையாக. அதன் தொடக்கம் காபி. அது செவிக்கினிய அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கவிஞர் தம் காதில் கேட்டு எழுதிய மெட்டு எது என்று வினவினால், தலைப்பில் உள்ள ஒரு சொல்லே விடை. நூறாண்டு நிரம்புமுன்னரே, பரிபாடலின் நோதிறத்துக்கு நேர்ந்தது பாரதியின் பைரவிக்கும் நேர்ந்துவிட்டது.

பாரதிதாசன் பாடலுக்கோ நற்பேறு வேறுவகையில் வாய்த்தது. தேவார மரபில் தோய்ந்த தண்டபாணி தேசிகர், 'துன்பம் நேர்கையில்' என்னும் பாடலைத் தேஷ் இராகத்தில் அமைத்துப் பாடினார். அப்பாட்டும் இராகமும் இன்று பிரிக்கவொண்ணாதன ஆயின. தேஷ் எப்படியிருக்கும் என்று கேட்கும் தமிழருக்குக் காட்டத்தக்க முதற்பாட்டு, புதுவைக் கவிஞர் ஒருவரின் பாட்டாக விளங்குகிறது. கவிஞரும் பாடுநரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதன் பயன் அது.

ஆகவே பண்ணுக்குப் பாட்டுத் தேடுவது என்பது முடிவில் பண்ணுக்குப் பாடுவாரைத் தேடுவதாகவே அமைகிறது. வடுகூர்க் குறிஞ்சியையும் இரும்பைச் செவ்வழியையும் வக்கரைப் பஞ்சமத்தையும் அந்தந்தத் திருமுன்னிலேயே ஓதுவார் பாடக் கேட்டல் வேண்டும். அதிகையின் மூன்று பதிகங்களையும் ஒரே அமர்வில் கேட்டு, எங்கே ஒன்றாகின்றன, எங்கேனும் ஒரு பிடியில், ஓர் அசைவில் பழைய வேறுபாடு ஒளிந்து நிற்கிறதா என்று செவியைத் தீட்டுதல் வேண்டும். கேட்டவற்றைப் பதிவு செய்வோர் பண்ணின் பெயரோடு நிறுத்தாமல், பாடியவர் பெயரையும், அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். புதிதாக இசைப்பாட்டு எழுதும் கவிஞர்க்கும் இவ்விதி பொருந்தும்.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவள் தந்த பண்களின் பெயர்கள் ஒவ்வொரு பதிகத்தின் தலையிலும் நிற்கின்றன.